நாலடிக் குறைவு

ஒட்டித் தரச் சொல்லி அல்ல,
அறுத்தது யாரென்று சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.
இத்தலாருக்கு மேலே, சோலை விளிம்பில்,
ஊற்றிலிருந்து இறங்கும் இரண்டு கறுப்பு ஹோஸும்
ஒரே இடத்தில் வாய் பிளந்து கிடந்தன.

ஒன்று ஆல்துரையின் கேரட்டுக்கு.
மற்றது யோகராணியின் குத்தகைப் பூண்டுக்கு.

"ஊரு உண்டான நாள்லேருந்து எங்க தண்ணி" என்றார் அவர்.
"கப்பல்ல வந்தவ மகள்னு
ஊத்துக்கும் பாஸ்போர்ட் கேக்குறாரு" என்றாள் அவள்.
எமரால்டு ஸ்டேஷனில் இரண்டு மனு, இரண்டு ரசீது.
ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில்
இருவருமே பத்திரமாக வைத்திருந்தார்கள்.

கத்தி வெட்டு நேராக இருக்கும்.
இது பல்.
பக்கத்திலேயே ஒரு முள் கிடந்தது, கறுப்பும் வெள்ளையுமாக.
கையெழுத்துப் போட்டுவிட்டுப்
பேனாவை மறந்து போயிருந்தது முள்ளம்பன்றி.

துள்ளிக்கொண்டு இறங்கினேன், சண்டை தீர்ந்ததென்று.
ஆல்துரை முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"வளை எங்க இருக்கு? பூண்டுக் காட்டுலதானே?"
யோகராணி தொடவே இல்லை.
"அது கேரட் திங்கத்தானே வருது."

அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது.
ஹோஸ் அறுந்தது போன வாரம்.
வேறெதுவோ அறுந்தது அதற்கும் முன்னால்.

எம்-சீல் பிசைந்துகொண்டே கேட்டேன்.
முகம் பார்க்காமல் கேட்டால் மனுஷர் பேசிவிடுவார்.
மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தாராம்,
முதல் பந்தியில் இடம் பிடித்து வைத்தாராம்,
அவள் வரவில்லை.
அவள் புருஷன் ஊட்டி ஆஸ்பத்திரியில்
ஆறு நாள் கிடந்தானாம்.
"அவரு கேரட் லாரி தெனமும் அந்த வழியாத்தான் போச்சு.
ஒரு நாள் நிக்கல."
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
இரண்டும் ஒரே வாரம்.

இதை அவரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை.
பைப்புக்காரன் வாயிலிருந்து ஒழுகினால்
அதுவும் ஒரு கசிவுதான்.

ஒரு டீ ஜாயின்ட், இரண்டு வால்வு மாட்டினேன்.
கையிலிருந்த பைப் நாலடி குறைந்தது.
ஊட்டிக்குப் போய்வந்தால் அன்றைய கூலி காலி.
வளைத்து, குறுக்கே விட்டு, எப்படியோ முடித்தேன்.
அவளுடைய வால்வு அவர் வரப்பில் போய் நின்றது.
அவருடையது அவள் வரப்பில்.
இதைத் தந்திரம் என்று யாரும் சொல்ல வேண்டாம்,
எனக்கு அவ்வளவு மூளை கிடையாது.

தன் தண்ணியைத் திறக்க
தினமும் அவர் அவள் பூண்டுக்குள் நடந்தார்,
அடி ஒவ்வொன்றையும் யாரோ எண்ணுகிற மாதிரி.
அவள் கேரட் இலையில் சேலை படாமல்
தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.
ஒரு மாதம் பேச்சில்லை.
நான் வருகிறேன் என்பதற்கு ஓர் இருமல்,
அவ்வளவுதான்.

தையில் உறைபனி.
கீழ்த்தட்டு முழுக்க உப்புக் கொட்டினாற்போல் வெளுத்தது.
வெயில் படுமுன் தண்ணி தெளிக்காவிட்டால்
இலை கருகிவிடும்.
ஆல்துரைக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல்.
நாலரை மணி இருட்டில், கம்பளிக்குள்ளிருந்து கேட்டாராம்,
தன் காட்டில் ஸ்பிரிங்ளர் சுற்றுகிற சத்தம்.

அவளுக்கு என்ன, வால்வு காலடியில்,
அரைத் திருப்பு.

நன்றி சொன்னாரா என்று கேட்காதீர்கள்.
"அளவு தெரியாம தொறந்துட்டா" என்றுதான் என்னிடம் குறைபட்டார்.
ஆனால் அன்று ராத்திரி
மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரி
அவள் வீட்டு வளைவில் ஹார்ன் அடித்து நின்றது.
அவள் வெளியே வரவில்லை.
போன போகத்துப் பூண்டு இரண்டு மூட்டை மட்டும் ஏறியது.

மனுக்கள் இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கின்றன.
கல்யாணத்தைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி
பேசிக்கொண்டார்களா, எனக்குத் தெரியாது.

ஒரு தடவை ஆல்துரை கேட்டார்,
"வால்வை அவங்கவங்க பக்கம் மாத்திடலாமா?"
என் கொட்டகையில் பத்தடி பைப் சுருண்டு கிடந்தது.
"கடையில ஸ்டாக் இல்லீங்க" என்றேன்.
கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.
"சரி, வரும்போது வரட்டும்" என்றார்.